கயிறு பிடித்தவர் பெயர்

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கயிற்றோடு பள்ளிக்கூடம் போனேன்.

வாத்தியார் ஒருவர் கையில் கயிற்றோடு வந்தால் மற்ற வாத்தியார்களுக்கு என்ன தோன்றும்? "என்ன சார், சம்பளம் பத்தலையா?" என்று கணக்கு வாத்தியார் கேட்டார். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும் என்று அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். கோடை லீவில் எங்களுக்கு ஒரு ட்ரெயினிங் நடந்தது. இங்கிலீஷை இங்கிலீஷாகவே சொல்லிக்கொடுங்கள், தமிழில் அர்த்தம் சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்கள். வாரத்துக்கு ஒரு வெர்ப். 'ஓபன்' என்றால் கதவைத் திறந்து காட்ட வேண்டும். திறந்து திறந்து எங்கள் ஆறாம் வகுப்புக் கதவின் கீல் கழன்றுவிட்டது. 'ஈட்' என்றால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் ஒற்றை வாழைப்பழத்தை உரித்து நான் மட்டும் தின்றேன். அதை அவர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வாரம் 'ஹோல்ட்'.

லேசான வார்த்தை என்றுதான் நினைத்திருந்தேன். உட்கார்ந்து யோசித்தால் விட மாட்டேன் என்கிறது. புத்தகத்தைக் கையில் பிடித்தாலும் ஹோல்ட். மூச்சை அடக்கினாலும் ஹோல்ட். குடத்தில் இவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்றாலும் ஹோல்ட். கூட்டம் நடத்தினால், பதவி வகித்தால்... எல்லாவற்றுக்கும் அதே ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் சிக்கனக்காரன்தான்.

புத்தகம் ஆயிற்று. குடம் ஆயிற்று. அடுத்தது மூச்சு. "ஹோல்ட் யுவர் பிரெத்" என்று சொல்லி நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். முப்பது எண்ணுவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. டவுன் பிள்ளைகள் முன்னாலேயே விட்டுவிட்டார்கள். கடைசி இரண்டு பெஞ்சும் கடற்கரைத் தெருப் பிள்ளைகள். அவர்கள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் எப்போது முடிக்கச் சொல்லுவார் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் நாசரேத்துக்காரன். கடலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவன். போட்டிக்குப் போகக்கூடாது என்று புரிந்து அடுத்த அர்த்தத்துக்குத் தாவினேன்.

கயிற்றை எடுத்தேன்.

ஜெரால்டையும் ஞானராஜையும் கூப்பிட்டேன். ஜெரால்டு இடுப்பில் கயிற்றின் ஒரு நுனி. மறு நுனியை ஞானராஜ் பிடிக்க வேண்டும். "ஹி ஹோல்ட்ஸ் த ரோப்" என்று வகுப்பு சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

ஜெரால்டு நுனியைக் கொடுக்க மாட்டேன் என்கிறான். கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"ஏம்லே?" என்றேன்.

"அவன் எனக்கு மச்சான் இல்ல சார். அவன் எப்பிடிக் கயிறு பிடிப்பான்?"

நான் சிரிக்கப் பார்த்தேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஞானராஜே, "ஆமா சார், நான் பிடிக்கப்பிடாது" என்று இரண்டடி பின்னால் போய்விட்டான்.

பிறகு ஆளுக்கு ஒன்றாக அவர்களே எனக்குப் பாடம் நடத்தினார்கள். இந்தக் கரையில் சங்கு குளிக்கிறவர் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினால், மேலே படகில் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அவர் மனைவியின் கூடப்பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடிக்க மாட்டான். சிநேகிதன் பிடிக்க மாட்டான். பெற்ற தகப்பனே ஆனாலும் கிடையாது. மச்சான்தான். ஒவ்வொருவரும் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டுதான் படகு ஏறுவார். ஏன் அப்படி என்று கேட்டேன். அப்படித்தான் என்றார்கள்.

சரி, யாருக்கு யார் மச்சான் முறை என்று தேடினோம். அதில் கால்மணி நேரம் போயிற்று. வகுப்பில் இரண்டு ஜோடி தேறியது. அவர்கள் வந்து ஒழுங்காகப் பிடித்தார்கள். "ஹி ஹோல்ட்ஸ் த ரோப்" என்று கூரை அதிர்ந்தது. இதையெல்லாம் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியில் வேடிக்கையாக எழுதிவிடலாம் என்று மனசுக்குள் வரிகூடப் போட்டுவிட்டேன். எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்?

கடைசியாகப் பிலோமினாவைக் கூப்பிட்டேன்.

வகுப்பிலேயே நன்றாக இங்கிலீஷ் வாசிக்கிற பெண். எழுந்து வந்தாள். கயிற்றை நீட்டினேன். வாங்கவில்லை. பிடி என்றேன். கையைக் கட்டிக்கொண்டாள். சும்மா பாவனைக்குத்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டாள். மற்றவர்கள் வேண்டாம் என்றபோது காரணம் சொன்னார்கள். இவள் வாயே திறக்கவில்லை. ஐம்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையை நீட்டச் சொல்லி ஸ்கேலால் இரண்டு போட்டேன்.

அழவில்லை. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஜெரால்டுதான் எழுந்து மெதுவாகச் சொன்னான்.

"சார், அவ மாமா பேரத்தான் நீங்க பேப்பர்ல எழுதுனீங்க."

எந்தப் பேப்பர்? எந்த மாமா? கேட்பதற்குள் பெல் அடித்துவிட்டது. ஸ்டாஃப் ரூமுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

போன மாசியில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். மிக்கேல் என்று ஒருவர், காதில் பஞ்சு. சங்கு குளிக்கிறவர். அவர் மனைவி லூர்தம்மாள். இன்னொருவர் உள்ளே வரவில்லை. கேட் பக்கத்தில் இரண்டு கையையும் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார். மிக்கேல் கடலுக்குள் இருந்தபோது ஏதோ விபத்து. காதிலும் மூக்கிலும் ரத்தத்தோடு மேலே வந்திருக்கிறார். ஆபீசுக்கு இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த சீசனில் சங்கு குளிக்க அனுமதிக்கிற லிஸ்டில் அவர் பெயர் நிற்குமாம். எந்த ஆபீஸ் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆபீஸ் மேல் எனக்குக் கோபமும் இல்லை. என் கோபம் வேறு ஆள் மேல்.

எழுதித் தருகிறேன், சொல்லுங்கள் என்று பேனாவைத் திறந்தேன். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு இது ஒரு சுகம். நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். உதவி செய்கிறோம் என்று நெஞ்சு நிமிரும்.

"கயிறு சிக்கிட்டு. இழுத்தாச்சு. மேல வந்தாச்சு" என்றார் மிக்கேல்.

எதில் சிக்கியது? பக்கத்துப் படகின் நங்கூரக் கயிற்றில். இழுக்க நேரமாயிற்றா? கொஞ்சம் ஆயிற்று. யார் இழுத்தது?

மிக்கேல் காதுப் பஞ்சைச் சரிசெய்துகொண்டார்.

கயிற்றைப் பிடித்திருந்தது யார் என்று மறுபடி கேட்டேன். லூர்தம்மாள்தான் பதில் சொன்னார்.

"அத எழுதாண்டாம் சார். அத எழுதுத வழக்கம் இல்ல."

வழக்கமாவது ஒன்றாவது. நான் விடுவேனா? ரிப்போர்ட் என்றால் யார், எங்கே, எப்போது, எப்படி என்று எல்லாம் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஆபீசில் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். ஆபீசில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். அந்த அம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார்.

கேட்டில் நின்றவர் அங்கிருந்தபடியே சொன்னார். "நாந்தான் சார். சூசை. இவியளுக்குத் தம்பி. சார் எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் மைத்துனர் சூசை என்று ஒரு வாக்கியம். மேலே இழுக்கத் தாமதம் ஆயிற்று என்று அடுத்த வாக்கியம். இரண்டும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது நான்; கயிறு சிக்கியதைக் கடைசி வரிக்குத் தள்ளியதும் நான்.

அந்தத் துண்டுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. சிக்கிய கயிற்றை விடாமல் இழுத்து இழுத்து, இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. யார், எங்கே, எப்போது என்று அத்தனை கேட்டவனுக்கு அந்தக் கை கண்ணில் படவில்லை.

ரிப்போர்ட்டை ஆபீசில் மெச்சிக்கொண்டார்களாம். யார் எழுதியது என்று விசாரித்தார்களாம். ஒரு வாரம் என் மனைவியிடம் அதையே அளந்துகொண்டிருந்தேன். அதோடு விட்டேனா... ஆபீசுக்கு இங்கிலீஷ் ரிப்போர்ட் எழுதுவது எப்படி என்று இதே பத்தியில் ஒரு வாரம் எழுதினேன். உங்களில் சிலர் பாராட்டிக் கார்டு போட்டீர்கள். தயவுசெய்து அந்தப் பாராட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்குப் பின்னால் தெருத்தெருவாக விசாரித்து மிக்கேல் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் லூர்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். பாயை விரித்து உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் மகள் பிலோமினா ஒரு மூலையில் விளக்குச் சிம்னியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அடித்ததை வீட்டில் சொல்லவில்லை என்று பேச்சிலேயே தெரிந்தது. நானும் சொல்லவில்லை. எனக்கு அதற்குத் தைரியம் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார்கள். ரிப்போர்ட் போன பதினைந்தாம் நாள் ஆபீசிலிருந்து தகவல் வந்தது. மிக்கேல் பெயர் லிஸ்டில் இருக்கும். சூசை மட்டும் இனி எந்தப் படகிலும் ஏறக்கூடாது, கயிறு தொடக்கூடாது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எல்லாம் தெளிவாக எழுதியிருந்ததே.

சூசை இப்போது ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்க்கிறார். அந்தக் கையோடு உப்பில். மாதா திருவிழாவுக்குக்கூட ஊருக்கு வரவில்லை.

"போவும்போது என்கிட்ட ஒண்ணு கேட்டான் சார்" என்றார் லூர்தம்மாள். "ஆபீஸ்லயே எழுதியிருக்குன்னா, அக்கா, நெசமாவே நான்தான் தாமசமாக்கிட்டேனோன்னு கேட்டான். இல்லடான்னு சொன்னேன். நம்பல."

நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விபத்து நடந்தால் கயிறு பிடித்தவர் பெயரை ஏன் யாரும் சொல்லுவதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயரைச் சொல்லிவிட்டால், ஒரு பெண் புருஷனுக்கும் கூடப்பிறந்தவனுக்கும் நடுவில் நின்று யாராவது ஒருவனைப் பார்க்க வேண்டும். அதனால் அந்த ஒரு பெயரை மட்டும் எல்லோரும் சேர்ந்து விழுங்கிவிடுகிறார்கள். பள்ளிக்கூடமே போகாதவர்கள் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். பி.ஏ. படித்தவன் போய் அதைக் கிளறி எடுத்து, பேப்பரில் வைத்துக் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மிக்கேலுக்குக் காது ஒருவாறு ஆறிவிட்டது. புதன்கிழமை சீசன் ஆரம்பம், படகு இறங்குகிறது. ஆனால் அவர் யார் கையை நம்பி இறங்குவார்? லூர்தம்மாளுக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரு தம்பிதான். வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். மிக்கேல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன கேட்டேன் என்பதே அவருக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் கடலுக்குப் போகவில்லை என்றால்? அதற்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இறால் உரிக்கிற கம்பெனிக்கு ஆள் சேர்க்கிற பெண் ஒருத்தி முந்தின நாள் வந்து பிலோமினாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். விரல் சின்னதாக இருக்கிறது, வேலை சுருக்காக நடக்கும் என்றாளாம். ஸ்கேல் பட்ட இடம் வந்தவளுக்குத் தெரிந்திருக்காது.

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து இன்னொரு ரிப்போர்ட் எழுதினேன். சிக்கிய கயிறு, நங்கூரம், உரிந்த கை, எல்லாம் விவரமாக. என் இங்கிலீஷிலேயே அதுதான் உருப்படியானது. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகளுக்குப் பின்னால் நடந்து போய்ச் சேரும்போது தலையெல்லாம் புழுதி.

கிளார்க் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டார். ஃபைலை எடுத்தார். என் பழைய ரிப்போர்ட் மேலேயே இருந்தது. சூசை பெயருக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. புதியதையும் பொறுமையாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு தெளிவா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப இப்படின்னா... அப்ப இதுல எது பொய் சார்?"

எதுவும் பொய் இல்லை என்றேன். பிறகு என்ன என்பது போலப் பார்த்தார். கையைப் பற்றிச் சொன்னேன். அது அன்றைக்கே ரிப்போர்ட்டில் இருந்திருக்க வேண்டுமே என்றார். அதுவும் நியாயம்தான். மேலே அனுப்புகிறேன், பதில் வர இந்த சீசன் முடிந்துவிடும் என்று சொல்லிப் புதிய தாளைப் பழைய தாளுக்கு அடியில் வைத்துக் கட்டினார்.

சாயங்காலம் மறுபடி மிக்கேல் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். சும்மா இருக்க முடியாதவனுக்கு வாயும் சும்மா இருக்காது. ஆபீசில் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, கேட்டுக்கொண்டார்கள். அந்த அமைதி தாங்காமல் நான் சொன்னேன்... இந்த ஒரு சீசனுக்கு நான் வருகிறேன், கயிற்றை நான் பிடிக்கிறேன், எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுங்கள் என்று.

மனசாரத்தான் சொன்னேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

மிக்கேல் தரையைப் பார்த்தார். லூர்தம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். குரல் உயரவில்லை. ஏதோ விலாசம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நீங்க கைய விட்டா, உங்க தங்கச்சியா சார் தாலி அறுப்பா?"

என் தங்கை நாசரேத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். கடல் பக்கமே வந்ததில்லை. மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது ஏன் என்று வகுப்பில் கேட்டேன் அல்லவா? அப்படித்தான் என்றார்களே, அந்தப் பதில் இதுதான். கையை விட்டால் இழவு தன் வீட்டில் விழுகிறவனிடம்தான் கயிற்றைக் கொடுக்கிறார்கள். பேனாவையும் அப்படிப் பார்த்துக் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் எழுதிய இரண்டு வாக்கியத்தால் என் வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கீழே விழவில்லை.

புதன்கிழமை படகுகள் இறங்கின. மிக்கேல் போகவில்லை.

அன்று காலை அட்டெண்டன்ஸ் எடுத்தேன். பிலோமினா என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது ஜெரால்டு எழுந்தான்.

"இறால் கம்பெனிக்குப் போயிட்டா சார்."

ஆப்சென்ட் போட்டேன். கயிறு இன்னும் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வாரம் என்ன வெர்ப் சார் என்று கேட்டார்கள். ட்ரெயினிங்கில் கொடுத்த லிஸ்டைப் பார்த்தேன்.

'ஹெல்ப்' என்று இருந்தது... லீவு போட்டுவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.